ஜவ்வாது மலையில் இரண்டு ஜெர்மனி

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால், சாமை வயல்களையும் புளிய மரங்களையும் தாண்டி ஓரிடத்தில் காட்டின் தலைக்கு மேலே வெள்ளைக் குவிமாடங்கள் எழும்பி நிற்கும். அந்த ஊர் காவலூர். கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இயங்குகிறது. அங்கே போகிறவர்கள் வியாழனையும் சனியையும் பார்க்கப் போகிறார்கள். எனக்கு அந்தக் குவிமாடங்களுக்குள் இருக்கும் கண்ணாடிகளின் மேல்தான் கண். அவை எந்த ஊரிலிருந்து எப்படி இந்த மலைக்கு வந்தன என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு நாடு மற்ற நாடுகளோடு எப்படிப் பழகுகிறது என்ற பெரிய பாடம் விரிகிறது. வெளியுறவுக் கொள்கையைக் கையால் தொட்டுப் பார்க்க முடியுமானால், தமிழ்நாட்டில் அதற்கு ஏற்ற இடம் காவலூர்.

கதை யேனா என்ற ஜெர்மானிய ஊரில் தொடங்குகிறது. 1846இல் கார்ல் சைஸ் அங்கே ஒரு பட்டறை திறந்தார். பிறகு எர்ன்ஸ்ட் ஆபே என்ற இயற்பியலாளர் சேர்ந்தார். 1884இல் ஓட்டோ ஷாட் என்ற வேதியியலாளர் அதே ஊரில் கண்ணாடி உலை அமைத்தார். ஒருவர் கணக்கு, ஒருவர் கண்ணாடி, ஒருவர் கைவினை. நுண்ணோக்கி, தொலைநோக்கி, புகைப்படக் கருவி எதுவானாலும் யேனாவின் பெயரைச் சொல்லித்தான் உலகம் வாங்கியது.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவைப் பிடித்தது. நேச நாடுகள் ஏற்கெனவே செய்துகொண்ட பங்கீட்டின்படி அந்த ஊர் சோவியத் பகுதிக்குள் போக வேண்டியது. ஆகவே அமெரிக்கர்கள் வெளியேறும்போது, சைஸ், ஷாட் ஆகிய இரண்டு நிறுவனங்களின் தலைசிறந்த நிபுணர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தங்களோடு மேற்கே கூட்டிக்கொண்டு போனார்கள். சோவியத்தும் தன் பங்குக்கு எந்திரங்களையும் ஆட்களையும் அள்ளிச் சென்றது. இப்படித்தான் ஒவ்வொரு நிறுவனமும் இரண்டானது. சைஸ் கிழக்கே யேனாவிலும் மேற்கே ஓபர்கோஹனிலும். ஷாட் கிழக்கே யேனாவிலும் மேற்கே மைன்ஸ் நகரிலும். நாடும் 1949இல் இரண்டு அரசுகளானது.

பிரிந்த பங்காளிகள் இருவரையும் ஒரே கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டின் நிலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். 'அவனுக்குப் பத்திரிகை வைத்தால் நான் வரமாட்டேன்' என்பான் ஒருவன். மேற்கு ஜெர்மனி அதை எழுதிவைத்த கொள்கையாகவே ஆக்கியது. 1955இல் உருவான அதற்கு ஹால்ஷ்டைன் கோட்பாடு என்று பெயர். கிழக்கு ஜெர்மனியை எந்த நாடு அங்கீகரித்தாலும், சோவியத் ஒன்றியம் நீங்கலாக, அந்த நாட்டுடன் உறவை முறித்துக்கொள்வோம் என்றது. வெறும் மிரட்டல் இல்லை. 1957இல் யூகோஸ்லாவியாவோடும் 1963இல் கியூபாவோடும் முறித்தே காட்டியது.

இந்தியாவின் நிலை இக்கட்டானது. ரூர்கேலா எஃகு ஆலையும் 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யும் மேற்கு ஜெர்மனியின் உதவியில் எழுந்தவை. அந்தக் கையை உதற முடியாது. ஆனால் கிழக்கு ஜெர்மனியிடமும் வாங்க வேண்டியவை இருந்தன. அங்கே இன்னொரு வசதியும் உண்டு. அந்த நாட்டுடனான வணிகம் ரூபாயில் நடந்தது. டாலருக்கும் பவுண்டுக்கும் தவித்துக்கொண்டிருந்த நாடு அன்றைய இந்தியா. 1966 ஜூனில் ஒரு டாலரின் விலை 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக ஏறிவிட்டது. எந்திரம் விற்ற நாடு ரூபாயை வாங்கி, அதே ரூபாயில் தேயிலையும் சணலும் தோலும் எடுத்துக்கொண்டு போவது என்ற ஏற்பாடு நமக்கு மூச்சுவிட இடம் தந்தது.

ஆகவே இந்தியா ஒரு வழி கண்டது. வீட்டுக்குள் அழைக்காமல் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுவது நம் கிராமங்களில் பழைய பழக்கம். பேச்சு நடக்கும், தண்ணீர் தரப்படும், கொடுக்கல் வாங்கல் முடியும். ஆனால் உறவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1954இல் கிழக்கு ஜெர்மனியோடு வணிக உடன்பாடு செய்துகொண்ட இந்தியா, தூதரகம் இல்லாமலே அந்த நாட்டோடு பழகியது. சர்வதேசச் சட்டத்தில் 'அங்கீகாரம்' என்பது ஒரு தனிச் செயல். அதைச் செய்யாமலே விற்கலாம், வாங்கலாம், படிக்க ஆள் அனுப்பலாம். வெளியுறவுத் துறையின் பாதி வேலை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். மேடையில் பேசுவதைவிட, எதைப் பேசாமல் விடுவது என்று தீர்மானிப்பது கடினமான கலை.

இந்தத் தீர்மானத்தை எடுப்பவர் யார்? நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 10ஆவது இனமே வெளிநாட்டு விவகாரம். தூதர்களை அனுப்புவதும் உடன்படிக்கை செய்வதும் அடுத்தடுத்த இனங்களில் வருகின்றன. மாநிலங்களுக்கு அதில் அதிகாரம் இல்லை. கையெழுத்திடும் அதிகாரம் மத்திய அமைச்சரவையிடம் இருக்கிறது. ஆனால் ஒரு கையெழுத்துக்கு முன்னால் நிதித் துறை அந்நியச் செலாவணியைக் கணக்குப் பார்க்கும், வணிகத் துறை இறக்குமதி உரிமத்தைப் பார்க்கும், உள்துறை விசாவைப் பார்க்கும். இவர்களுக்கெல்லாம் முன்னால், இது தேவை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். காவலூருக்கு அந்த ஆள் வைணு பாப்பு.

1927இல் சென்னையில் பிறந்து, ஹைதராபாத்தில் வளர்ந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் போதும். இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று மலை மலையாகத் தேடி, அறுபதுகளின் பிற்பாதியில் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். காவலூர் வட அட்சரேகை 12½ பாகையில் இருக்கிறது. அதனால் தெற்கு வானத்தில், துருவத்தைச் சுற்றிய சிறு வட்டம் தவிர, ஏறக்குறைய எல்லாமே அங்கிருந்து எட்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்த பெரிய தொலைநோக்கிகளுக்குத் தெற்கு வானத்தின் பெரும்பகுதி எட்டாது. இன்னொன்று, தீர்க்கரேகை. ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே நம் நிலம் இருப்பதால், அங்கே பகலாகும் நேரத்தில் இங்கே இரவு. உலகின் மற்ற வானியலாளர்களுக்கு நம்மிடமிருந்து ஏதாவது தேவைப்பட்டால் அது இந்த இருப்பிடம். பேரம் பேச நம் கையில் இருந்த சரக்கு அதுதான். 1963 நவம்பர் 21இல் கேரளக் கடற்கரையின் தும்பாவிலிருந்து அமெரிக்க ராக்கெட் கிளம்பியதற்கும் இதே வகைக் காரணம். காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்தின் மேல் போனது.

யேனாவிலிருந்து ஒரு மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி வந்தது. 1972இல் காவலூரில் நிறுவினார்கள். அதன் முதல் பெரும் வேட்டை அந்த ஆண்டு ஜூன் 7ஆம் தேதி நடந்தது.

வியாழனின் மிகப் பெரிய நிலா கானிமீட். அன்று அது ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடந்துபோகப் போகிறது என்று கணித்திருந்தார்கள். இதற்கு விண்மீன் மறைப்பு என்று பெயர். விண்மீன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வருகின்றன. ஆகவே கானிமீடின் நிழல் கானிமீட் அளவிலேயே பூமியின் மேல் விழும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள ஒரு நிழல், எந்த நாட்டின் எல்லையையும் கேட்காமல், கடலையும் கரையையும் கடந்து ஓடும். நம் கண்ணுக்கு அது தெரியாது. விண்மீனின் ஒளியை நொடிக்கு நொடி அளக்கும் கருவிக்குத் தெரியும். ஒளி சட்டென்று அணைந்தால் கானிமீட் வெறும் பாறை. மெல்ல மங்கி அணைந்தால், நடுவே ஏதோ காற்று வடிகட்டுகிறது என்று பொருள்.

விஷயத்தின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. ஒரு ஊரிலிருந்து பார்ப்பவர், விண்மீன் எத்தனை நேரம் மறைந்தது என்று அளந்தால், கானிமீடின் குறுக்கே ஒரே ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு நடுவில் போனதா ஓரத்தில் போனதா என்று தெரியாது. வட்டத்தின் அளவு தெரிய இரண்டாவது கோடு வேண்டும். அதற்கு இரண்டாவது ஊர் வேண்டும். அந்த இரண்டாவது ஊர் இந்தோனேசியாவின் லெம்பாங். காவலூரிலிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர். இரண்டு கோடுகளையும் பொருத்தியபோது கானிமீடின் விட்டம் 5,270 கிலோமீட்டர் என்று வந்தது. இன்றைய விண்கல அளவு 5,268. இரண்டே கிலோமீட்டர் வித்தியாசம். மெல்லிய காற்று இருப்பதற்கான அறிகுறியும் கிடைத்தது. அவர்கள் மதிப்பிட்ட அழுத்தம் அதிகம் என்று 1979இல் வாயேஜர் விண்கலம் காட்டியது. பின்னர் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது.

முடிவு 1973இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அதை எழுதியவர்களில் காவலூரின் ஜே.சி. பட்டாச்சாரியா இருக்கிறார், இந்தோனேசியாவின் பம்பாங் ஹிதாயத் இருக்கிறார், அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் இருக்கிறார்கள். கானிமீடை அளந்த 1972 ஜூன் 7 என்ற தேதியைச் சற்று நின்று பாருங்கள். 1971 டிசம்பரில், வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கா தன் 'என்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியிருந்தது. அதற்கு ஆறே மாதம் கழித்து ஜூன் 7. போரின் மிச்சத்தைப் பேசித் தீர்க்கும் சிம்லா உடன்பாடு கையெழுத்தானது ஜூலை 2. காவலூரின் தொலைநோக்கியைச் செய்த நாட்டை இந்தியா முறைப்படி அங்கீகரித்தது அதே ஆண்டு அக்டோபர் 8. அதாவது, அந்த ஜூன் இரவில், தில்லியின் கணக்கில் இன்னும் திண்ணையிலேயே இருந்த ஒரு நாட்டின் கண்ணாடியில் பிடித்த ஒளியை, தில்லியோடு முகம் திருப்பியிருந்த ஒரு நாட்டின் ஆய்வாளர்களோடு சேர்ந்து நம்மவர்கள் அளந்தார்கள். இதை முரண்பாடு என்று நான் எண்ணவில்லை. உறவு ஒரே கயிறாக இருந்தால் ஒரு வெட்டில் அறுந்துவிடும். கப்பற்படை, வணிகம், கல்வி, அறிவியல் என்று பல புரிகளாக முறுக்கிவைத்திருந்ததால் ஒன்று இற்றபோதும் மற்றவை தாங்கின. அப்படி முறுக்கிவைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. அமெரிக்கர்கள் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் தொலைநோக்கியைப் பறக்கவிட்டார்கள். காவலூரில் பட்டாச்சாரியாவும் சக ஆய்வாளர் குப்புசாமியும் அதே ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். யுரேனஸை நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி சில விநாடி மங்கியது. ஒற்றைக் கோட்டை மட்டும் வைத்துப் பார்த்தபோது அது புதிய துணைக்கோள் போலத் தெரிந்தது. அப்படியே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மற்ற இடங்களின் கோடுகளும் சேர்ந்தபோதுதான் அது யுரேனஸைச் சுற்றிய வளையம் என்று தெளிந்தது.

பாப்புவுக்கு இன்னும் பெரிய கண் வேண்டியிருந்தது: 2.34 மீட்டர். அதை முழுதாக வாங்காமல் இந்தியாவிலேயே செய்வது என்று முடிவெடுத்தார். பெங்களூரில் கண்ணாடியை மெருகேற்றினார்கள். தாங்கும் உடலை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலை செய்தது. ஒன்றை மட்டும் வெளியே வாங்கியாக வேண்டும், மெருகேற்றாத மூலக் கண்ணாடிக் கட்டி. வெப்பம் ஏறி இறங்கினாலும் விரியாமல் சுருங்காமல் நிற்கும் 'ஜெரோடூர்' என்ற பொருள் அது. அதைச் செய்தது மேற்கு ஜெர்மனியின் ஷாட். 1945இல் யேனாவிலிருந்து கூட்டிச்செல்லப்பட்டவர்கள் மைன்ஸில் எழுப்பிய அதே ஷாட். ஒரு ஊரிலிருந்து போரும் எல்லைக்கோடும் பிரித்துப்போட்ட இரு பாதிகளும் காவலூர்க் காட்டில் ஒரே வளாகத்தில் இரண்டு குவிமாடங்களாக வந்து சேர்ந்தன.

பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1979இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1982 ஆகஸ்ட் 19இல் மியூனிக்கில் இறந்தார், 55 வயதில். ஒன்றியத்தின் பொதுப்பேரவை 1985 நவம்பரில் தில்லியில் கூடியது. 1986 ஜனவரி 6இல் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, பெரிய தொலைநோக்கியைத் திறந்துவைத்து, அதற்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2014இல் அங்கே சேர்ந்த 1.3 மீட்டர் தொலைநோக்கி அமெரிக்காவின் கொலராடோவில் செய்யப்பட்டது. அதற்குப் பட்டாச்சாரியாவின் பெயர்.

1990 அக்டோபர் 3 நள்ளிரவில் கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இல்லாமல் போனது. பதினெட்டு ஆண்டுகூட நிறையாத அதன் இந்தியத் தூதரக உறவும் அத்தோடு முடிந்தது. ஜவ்வாது மலையில் அக்டோபர் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் மாதம். மேகம் கூடினால் குவிமாடங்களை மூடிவைத்துவிடுவார்கள். மழை ஓய்ந்து ஜனவரி பிறந்தால்தான் இரவுகள் தெளியும். அப்படித் தெளிந்த இரவுகளில், தன்னைச் செய்த நாடு வரைபடத்தில் இல்லாத அந்த ஒரு மீட்டர் கண்ணாடி மறுபடி தெற்கு வானத்தைப் பார்க்கத் திரும்பியது.