வாலில்லாமல் பறக்குமா?

கடையில் வாங்கிய கிளைடர், முதல் வீச்சிலேயே செம்பனை மட்டையில் மோதி வால் முறிந்தது. ஒட்டினோம். வால் கோணலாக நின்றது. அடுத்த வீச்சில் விமானம் பக்கவாட்டில் சுழன்று கால்வாயில் விழுந்தது.

“நான் எறிஞ்சா எதுவுமே பறக்காது அத்தை” என்றான் அண்ணன் மகன். ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். அன்று மாலை முழுக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இது புதிய தொல்லையல்ல. 1917-இல் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டார்கள். இன்று எங்கள் திடலின் வேலிவரை அதே மரம். முறிகிற உறுப்பு எப்போதும் வால்தான். அப்படியென்றால் வாலே இல்லாத ஒன்றைச் செய்தால் என்ன?

“வாலில்லாத பட்டம் குட்டிக்கரணம் போடுமே!” என்றான். நியாயமான கேள்வி.

பதில் நம் மலாய்த் தீவுக்கூட்டக் காடுகளிலேயே இருக்கிறது. அல்சோமித்ரா என்ற கொடி, வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதைக்கு இருபுறமும் காகிதம்போல் மெல்லிய சிறகு. அகலம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். உயரத்தில் வெடிக்கும் காயிலிருந்து விடுபட்டு, வட்டமிட்டபடி நெடுந்தூரம் மிதந்து போகும். இதைப் பார்த்துத்தான் ஆஸ்திரியாவின் இகோ எட்ரிச் வாலில்லாத கிளைடர் செய்தார். 1906-இல் அவருடைய கூட்டாளி ஃபிரான்ஸ் வெல்ஸ் அதில் பறந்தார். (பிற்பாடு எஞ்சின் வைத்தபோது எட்ரிச்சே வாலையும் சேர்த்துக்கொண்டார். அதை நான் பையனிடம் சொல்லவில்லை.)

விதையில் கனம் நடுவில், சற்று முன்னே இருக்கிறது. சிறகின் பின்விளிம்பு லேசாக மேல்நோக்கி இருக்கிறது. வழக்கமான விமானத்தில் மூக்கு கனம். வால் பின்புறத்தைக் கீழே அழுத்தி அதைச் சமன்செய்யும். வாலில்லாதபோது அந்த வேலையை மேலே வளைந்த பின்விளிம்பு செய்கிறது. அவ்வளவுதான் இரகசியம்.

கோழி இறைச்சி வைத்து விற்கும் பெரிய வெள்ளை நுரைத்தட்டு இரண்டை எடுத்தோம். ஓரம் நீக்கி, 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு இறக்கை. நடுவில் ஒட்டுநாடா. நுனிகள் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். பின்விளிம்பில் 2 சென்டிமீட்டர் விட்டு, கத்தியால் இலேசாகக் கீறி, மூன்று மில்லிமீட்டர் மேலே மடக்கினோம். நுனிகளின் பின்பாதியில் மீந்த நுரையில் சின்னத் துடுப்புகள். நடுவில் முன்னோக்கி நீட்டிய ஐஸ்கிரீம் குச்சி, அதன் முனையில் 10 காசு நாணயம்.

நாணயத்தை ஒட்டுமுன் ஒரு சோதனை உண்டு. முன்விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி, இரு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கினால் அது சமமாக நிற்க வேண்டும். இதில் பிசகினால் எவ்வளவு அழகாக வெட்டியும் பயனில்லை.

காற்றில்லாத காலை. மெல்லத் தள்ளிவிட்டான். தலைகீழாக மண்ணில் குத்தியது. அவன் முகம் வாடியது. பின்விளிம்பை இன்னும் ஒரு மயிரளவு தூக்கினோம். இப்போது நிமிர்ந்து, தயங்கி, தொப்பென்று விழுந்தது. நான் குனிந்து எடுக்கப் போனேன்.

“நீங்க தொடாதீங்க அத்தை.”

நாணயத்தைக் குச்சியின் முனைக்கு அவனே ஒரு நெல்லளவு தள்ளினான். வீசினான். புல்லை உரசும் உயரத்தில் நேராகப் போனது. பதினாறு எட்டு. எண்ணியவனும் அவன்தான்.