படித்தது கணக்கில் சேருமா?

தமிழகத்திலிருந்து பெங்களூருக்குப் படிக்க வரும் நம் தோழர்கள் எல்லோரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்திருப்பார். இன்னொருவர் விலங்கியலை இரண்டாண்டு படித்துவிட்டு மனம் மாறியிருப்பார். வேறொருவர் செவிலியராகச் சில ஆண்டுகள் வார்டிலே இரவு பகல் பாராது உழைத்திருப்பார். இவர்கள் பிஸிஷியன் அசிஸ்டென்ட் பட்டப் படிப்பில் சேர எண்ணும்போது கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்: "முன்பு படித்ததற்கு ஓராண்டேனும் கழித்துக் கொள்வார்களா?" நான் அப்படிப்பில் இருப்பதால் மன்றத்து அறையில் இக்கேள்வி அடிக்கடி என்னிடம் வந்து சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நலம் என்று தோன்றிற்று.

இப்படிப்பின் பிறப்பிலேயே இக்கேள்விக்கு விடை இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக் கழகத்தில் 1965-ல் டாக்டர் யூஜீன் ஸ்டெட் என்பார் இதைத் தொடங்கியபோது, சேர்த்துக்கொண்ட நால்வரும் கடற்படையில் காயம் பட்டோரைக் கவனித்துப் பழகியவர்கள். 1967-ல் அவர்களில் மூவர் தேறி வெளிவந்தனர். அவர்களுடைய அனுபவம் வாயிற்கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே போனபின் அதைக் காட்டி வகுப்பைத் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டாண்டுப் பாடத்தையும் எல்லோரும் படித்தே தீர வேண்டியிருந்தது. இந்த வேற்றுமையை நம்மவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சேர்வதற்குத் தகுதி என்பது வேறு, பாடத்தைக் கழிப்பது என்பது வேறு.

நம் நாட்டில் 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் அவர்களின் முயற்சியால் இப்படிப்பு தோன்றியது. 2021-ஆம் ஆண்டின் இணை மருத்துவத் தொழிலர் சட்டம் இத்தொழிலைப் 'பிஸிஷியன் அசோசியேட்' என்ற பெயரால் தன் பட்டியலில் சேர்த்தது.

படித்ததைக் கணக்கில் சேர்ப்பது நம் மண்ணுக்குப் புதிதா என்றால், இல்லை. எல்.எம்.பி. டாக்டர்களைப் பற்றித் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம்.பி.பி.எஸ். பட்டத்தைவிடக் குறைந்த காலத்தில் மருத்துவப் பள்ளியில் படித்து, உரிமம் பெற்று, சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள். இதே பெங்களூரில் 1917-ல் மைசூர் சமஸ்தானத்து மருத்துவப் பள்ளி அவ்வகைப் படிப்போடுதான் தொடங்கியது. 1924-ல் அது கல்லூரியாக உயர்ந்து, 1930-ல் மைசூருக்குப் போயிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளியும் எல்.எம்.பி. பள்ளிதான். 1942-ல்தான் அங்கே எம்.பி.பி.எஸ். வந்தது.

1946-ல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தபோது, நாட்டு மருத்துவரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இந்த எல்.எம்.பி.க்காரர்களே! இனி ஒரே வகை டாக்டர், ஒரே பட்டம் என்று குழுவின் பெரும்பான்மை சொல்லிற்று. உறுப்பினர் அறுவர் மட்டும் உடன்படவில்லை. சரி, ஏற்கெனவே படித்துத் தொழில் செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கதி என்ன? அவர்களை முதலாண்டிலிருந்து மீண்டும் உட்கார வைக்கவில்லை. அவர்களுக்கென்றே சுருக்க எம்.பி.பி.எஸ். படிப்பு ஒன்றை வகுத்தார்கள். எது தெரியும், எது குறைகிறது என்று பார்த்து, குறைந்ததை மட்டும் கற்பித்துப் பட்டம் தந்தார்கள். என் எண்ணத்தில், மருத்துவக் கல்வியில் நாம் கண்ட மிக நேர்மையான கணக்கு அதுதான்.

இன்று நிலை எப்படி? மருந்தாளுநர் படிப்பில் இரண்டாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். மூன்றாண்டு ஜி.என்.எம். முடித்த செவிலியர் இரண்டாண்டில் செவிலியர் பட்டம் பெறலாம். இரண்டிலும் முன்னது அதே துறை என்பதைக் கவனியுங்கள். ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக் கழகத்தின் இணை மருத்துவ விதிகளும் இதையே சொல்கின்றன: டிப்ளமோவில் எப்பாடமோ அப்பாடத்தின் பட்டத்தில்தான் இரண்டாம் ஆண்டு இடம். ஆய்வுக்கூட டிப்ளமோக்காரர் ஆய்வுக்கூடப் பட்டத்துக்குப் போகலாம். பிஸிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு வந்தால் முதலாண்டுதான். செவிலியருக்கும் அதுவே. ஜி.என்.எம். படித்தவருக்கு உடற்கூறு தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், விதி அதற்கு வாய் திறப்பதில்லை!

"கிரெடிட் வங்கி என்று ஒன்று வந்திருக்கிறதே?" என்பாரும் உளர். பல்கலைக் கழக மானியக் குழு 2021-ல் அதைக் கொண்டுவந்தது உண்மை. பதினைந்து மணி நேர வகுப்போ, முப்பது மணி நேரச் செய்முறையோ ஒரு கிரெடிட். கிரெடிட்டைச் சேர்த்து வைக்கலாம். ஆனால் சேர்த்ததை ஏற்பதும் மறுப்பதும் பட்டம் கொடுக்கும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இப்படிப்பில் உடற்கூறும் உடலியங்கியலும் நோய்க்குறியியலுக்கு அடிப்படை, நோய்க்குறியியல் வார்டுக்கு அடிப்படை. ஏணியின் நடுவில் ஒரு படியை உருவிவிட்டு மேலே ஏறச் சொல்லக் கல்லூரிகள் தயங்குவதில் ஓரளவு நியாயம் உண்டு.

இங்கேதான் தரகர்கள் புகுகிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, எனக்குத் தங்கை போன்றவள், ஆய்வுக்கூட டிப்ளமோவோடு வந்தாள். "நேரே இரண்டாம் ஆண்டு" என்று தரகர் ஒருவர் பணம் வாங்கினார். கல்லூரியும் அவளை இரண்டாம் ஆண்டு வகுப்பிலேயே உட்கார வைத்தது. தேர்வு நெருங்கி நுழைவுச் சீட்டு வந்த அன்று அவள் பெயர் மட்டும் இல்லை. பல்கலைக் கழகத்தின் ஒப்புதலே பெறப்படவில்லை! அடுத்த ஆண்டு முதல் வகுப்பிலிருந்து தொடங்கினாள். அவள் தகப்பனார் கரும்புக் காணியின் பேரில் வாங்கிய கடன் ஓராண்டு நீண்டது.

ஆகவே வகுப்பில் உட்கார்வது சேர்க்கை ஆகாது. பல்கலைக் கழகம் தரும் பதிவு எண்ணே சேர்க்கை. இரண்டாம் ஆண்டு என்று யாரேனும் சொன்னால், எந்த விதியின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தை மடியிலேயே வைத்திருங்கள். இதை முடித்தபின் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம் என்பதும் பொய். அதற்கு நீட் தேர்வு எழுதி முதலாண்டில் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை.

அமெரிக்காவுக்குப் போக எண்ணுவோர்க்கு ஒரு வசதி உண்டு. அங்கே பாடத்தைக் கழிப்பது பற்றிய தம் கொள்கையை ஒவ்வொரு பள்ளியும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அங்கீகார விதி. பெரும்பாலானவை "கழிப்பதில்லை" என்றே அறிவிக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் அவ்வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்ற குறிப்பையும் முத்திரையிட்டு வாங்கி வாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வு எழுதியவர்க்கு இங்கே தகுதிச் சான்றிதழ் வேறு வேண்டும்; அதற்குச் சில வாரம் பிடிக்கும் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.