நூல் தடை (தமிழ்நாடு)

நூல் தடை என்பது ஒரு நூலை அச்சிடுதல், விற்றல், நூலகத்தில் வைத்தல், வகுப்பில் கற்பித்தல் ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ நிறுத்தும் நடவடிக்கை ஆகும். தமிழ்நாட்டில் இது இரு வழிகளில் நிகழ்ந்துள்ளது. முதலாவது, அரசு சட்டப்படி ஆணை பிறப்பித்து நூலைப் பறிமுதல் செய்வது. இரண்டாவது, அத்தகைய ஆணை எதுவும் இன்றி, எதிர்ப்பு அல்லது நிர்வாக முடிவு காரணமாக நூல் விலக்கப்படுவது. பொதுப் பேச்சில் இரண்டுமே தடை என்று அழைக்கப்படுகின்றன. எனினும் முதல் வகையை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்வதற்கான வழியை அச்சட்டமே தருகிறது. இரண்டாம் வகைக்கு அவ்வாறு வகுக்கப்பட்ட வழி இல்லை.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும் கருத்து வெளியிடும் உரிமையையும் அளிக்கிறது. பொது ஒழுங்கு, நன்னெறி, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க 19(2) உறுப்பு இடம் தருகிறது.

நூலைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் பிரித்தானியர் காலத்தில் 1898 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99அ பிரிவிலும், பின்னர் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95 ஆம் பிரிவிலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 98 ஆம் பிரிவில் உள்ளது. இதன்படி மாநில அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். அதில் தடைக்கான காரணங்களைக் கூற வேண்டும். அந்நூலில் அக்கறை உடைய எவரும் இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு அதனை விசாரிக்கும்.

ஆணை வழியான தடைகள்

1928 இல் சுப்பிரமணிய பாரதியின் தேசியப் பாடல் நூல்கள் சென்னை மாகாணத்தில் பறிமுதல் செய்யப்பட்டன. சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி இதனை எதிர்த்துப் பேசினார்.

புலவர் குழந்தை இயற்றி 1946 இல் வெளிவந்த இராவண காவியம், விடுதலைக்குப் பின்னர் 1948 இல் தடை செய்யப்பட்டது. பொது நூலகங்களுக்கான சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். இராவண காவியத்தின் மீதான தடை 1971 இல் மு. கருணாநிதி அரசால் நீக்கப்பட்டது.

பெரியார் ஈ. வெ. இராமசாமியின் இராமாயண ஆய்வு நூலின் ஆங்கிலப் பதிப்பையும் இந்திப் பதிப்பையும் 1969 இல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தது. இந்திப் பதிப்பை வெளியிட்ட லலாய் சிங் யாதவ் வழக்குத் தொடுத்தார். ஆணையில் காரணங்கள் கூறப்படவில்லை என்பதால் 1971 இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. 1976 இல் உச்ச நீதிமன்றமும் இத்தீர்ப்பை உறுதி செய்தது. காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது வெறும் சடங்கு அன்று என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும். காரணம் எழுதப்பட்டிருந்தால்தான் அது சரியா தவறா என்று நீதிமன்றத்தால் ஆராய முடியும்.

ஆணையின்றி விலக்கப்பட்டவை

பெருமாள்முருகனின் மாதொருபாகன் புதினம் 2010 இல் வெளியானது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. நூலின் படிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சு நடந்தது. அதில் எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக்கும், விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் உடன்பட்டார். பின்னர், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். அரசு இந்நூலைத் தடை செய்யவில்லை. ஆயினும் நூல் விற்பனையிலிருந்து விலக நேர்ந்தது.

எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். தலைமை நீதிபதி சஞ்சய் கிசன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தனர். அமைதிப் பேச்சில் ஏற்பட்ட உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று அதில் கூறப்பட்டது. அதன் பின்னர் பெருமாள்முருகன் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

கல்வி நிலையங்களில்

2011 இல் ஆட்சி மாறியபோது, சமச்சீர்க் கல்விப் பாடநூல்களின் வழங்கல் நிறுத்தி வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 9 அன்று அத்திட்டத்தைச் செயற்படுத்த ஆணையிட்டது. முந்தைய ஆட்சி தொடர்பான சில பகுதிகள் ஒட்டுத்தாள் ஒட்டி மறைக்கப்பட்ட நிலையில் நூல்கள் மாணவர் கைக்கு வந்தன.

2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 2017 முதல் இருந்த அருந்ததி ராயின் நூல் ஒன்றை நீக்கியது. மாவோயிசுடுகளோடு அவர் காட்டில் பயணம் செய்த அனுபவத்தைக் கூறும் நூல் அது. அகில பாரதிய வித்யார்த்தி பரிசத்தின் முறையீட்டுக்குப் பின் இம்முடிவு எடுக்கப்பட்டது. நூல் கடைகளில் தொடர்ந்து விற்பனையானது. வகுப்பறையில் மட்டும் இல்லாமற் போயிற்று.

தேர்வும் தடையும்

எல்லா நூல்களையும் பாடமாக வைக்கவோ நூலகத்துக்கு வாங்கவோ இயலாது. ஆகவே தேர்ந்தெடுக்கப்படாத நூல் தடை செய்யப்பட்ட நூல் ஆகாது. முன்னரே தேர்ந்த நூலை அதன் கருத்துக்காக நீக்கும்போதே சிக்கல் எழுகிறது. அமெரிக்காவில் ஐலண்டு டிரீசு பள்ளி வாரியத்துக்கு எதிராக மாணவர்கள் தொடுத்த வழக்கு 1982 இல் முடிந்தது. அதில் நீதிபதி பிரென்னன், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து நூலை அகற்றலாகாது என்றார். ஆனால் நீதிபதிகளிடையே முழுமையான பெரும்பான்மைக் கருத்து அமையவில்லை.

ஆவணத்தின் தேவை

சல்மான் ருசுதியின் சாத்தானின் வசனங்கள் புதினத்தை இறக்குமதி செய்ய 1988 இல் இந்தியா தடை விதித்தது. இதனை எதிர்த்த வழக்கில், அத்தடைக்கான அறிவிக்கையை அதிகாரிகளால் காட்ட இயலவில்லை. எனவே அறிவிக்கை இல்லை என்றே கொள்ளவேண்டும் என்று 2024 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. எவரும் காணாத தாளின் பெயரால் 36 ஆண்டுகள் ஒரு நூல் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரு நூல் தடை செய்யப்பட்டுள்ளது எனக் கேள்விப்படும் வாசகர், அதற்கான ஆணை எது, பிறப்பித்தவர் யார், கூறப்பட்ட காரணம் என்ன என்ற மூன்றையும் அறிந்துகொள்வது பயனுடையது.

இவற்றையும் பார்க்க

கருத்துச் சுதந்திரம்
இராவண காவியம்
மாதொருபாகன் (புதினம்)
யாழ் பொது நூலகம் எரிப்பு