ஒரு ஆற்றுக்காக எட்டு வருடம்

நாடுகள் ஏன்தான் சண்டை போடுகின்றன என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஈரான் – ஈராக் போரைப் பற்றிப் படித்ததும் கொஞ்சம் புரிந்தது.

ஷத் அல் அராப் ஆறு கடலில் சேருமுன் இரண்டு நாட்டுக்கும் எல்லையாக ஓடுகிறது. ஆற்றின் நடுவில்தான் எல்லை என்று 1975-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஈராக் அதிபர் சதாம் உசேனுக்கு ஆறு முழுக்க வேண்டும். 1979-ல் ஈரானில் புரட்சி வந்து ஆட்சி மாறியது. இப்போது அடித்தால் சீக்கிரம் ஜெயிக்கலாம் என்று நினைத்து, 1980-ல் ஒப்பந்தத்தை முறித்துப் படையெடுத்தார்.

எட்டு வருடம் ஆச்சு. லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். ஈரானில் நம்ம வயசுப் பையன்கள்கூட போர்முனைக்குப் போனார்கள். 1988-ல் போர் நின்றது. எல்லை பழைய இடத்திலேயே இருந்தது!

கடன் மட்டும் ஏறியது. 1990-ல் ஈராக், தனக்குக் கடன் கொடுத்த குவைத் மீதே படையெடுத்தது. அதே வருடம் 1975 ஒப்பந்தத்தையும் சதாம் மறுபடி ஏற்றுக்கொண்டார். அப்போ எட்டு வருடம் எதுக்கு? யோசிங்க!