கேமரன் மலையில் கருங்கழுகைத் தேடி

கழுகைக் காண விரும்புவோர் வானத்தை அண்ணாந்து நோக்க வேண்டும் என்றே நாம் அனைவரும் எண்ணியிருக்கின்றோம். நானும் அவ்வாறே எண்ணிக் கேமரன் மலையில் ஒரு பகல் முழுவதையும் கழுத்து நோகக் கழித்தேன். என் தவற்றைத் திருத்தியவர் ஒரு தோட்டத்துப் பெரியவர். அதனைக் கூறுமுன் அப்பறவையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

கருங்கழுகு மலைக்காடுகளில் வாழும் வேட்டைப் பறவை. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 70 முதல் 80 சென்டிமீட்டர் நீளமுடையது. உடல் முழுவதும் கருமை. கால்களும் அலகின் அடிப்பகுதியும் மட்டும் மஞ்சள். டச்சு நாட்டுப் பறவையியல் அறிஞர் டெம்மிங்க் 1822-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்டார். அப்பெயரின் பிற்பகுதியாகிய 'மலாயென்சிஸ்' என்பது மலாய் நாட்டைக் குறிப்பதாகும். தமிழகத்தின் நீலகிரியிலும் ஆனைமலையிலும் இதே பறவை வாழ்கின்றது. நம் முன்னோர் விட்டுவந்த மலைகளிலும் வந்து சேர்ந்த மலைகளிலும் ஒரே கழுகு வட்டமிடுவது எனக்கு வியப்பாகவே இருந்தது.

பிற கழுகுகளைப்போல் இது இரையின்மேல் மின்னலெனப் பாய்வதையே தொழிலாகக் கொண்டதன்று. மர உச்சிகளை ஒட்டி, இறகசைக்காமல், மிக மெதுவாக மிதந்து செல்லும். அகன்ற சிறகின் நுனியில் விரல்களைப்போல் பிரிந்து நிற்கும் இறகுகள் இம்மெதுவான பறத்தலுக்குத் துணைபுரிகின்றன. அவ்வாறு செல்லும்போது இலைகளுக்கிடையே மறைந்துள்ள சிறு பறவைகளின் கூடுகளைத் தேடும். முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து உண்ணும். சிலவேளை கூட்டையே தூக்கிச் சென்றுவிடுவதும் உண்டு! அணில் முதலிய சிறு விலங்குகளும் அதற்கு உணவாகும்.

கடந்த பள்ளி விடுமுறையில் தாப்பாவிலிருந்து பேருந்தேறினேன். ரிங்லெட்டைக் கடந்து தானா ராத்தாவை அடைவதற்குள் வளைவுகள் என் வயிற்றைக் கலக்கிவிட்டன. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-ஆம் ஆண்டில் இப்பகுதியைக் கண்டு குறித்ததால் இம்மலைக்கு அவர் பெயர் வழங்கலாயிற்று. 1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பவர் இங்குப் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களுள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர்.

மறுநாள் சுங்கை பாலாஸ் தோட்டத்தருகே காமிராவுடன் நின்றேன். நண்பகலுக்குள் இருமுறை கழுகைக் கண்டேன். இருமுறையும் படத்தில் விழுந்தது கரிக்கட்டை போன்ற ஒரு நிழலுருவமே. காரணம் எளிது. ஒளிமிக்க வானத்தைப் பார்த்துக் காமிரா தன்னுள் புகும் ஒளியைக் குறைத்துக்கொள்கின்றது. அதனால் முன்னேயுள்ள கறுப்புப் பறவை மேலும் கறுத்துப் போகின்றது. பள்ளித் திடலில் வந்தமரும் காகத்தைப் படமெடுத்துப் பாருங்கள். இது உடனே விளங்கும்.

அப்போது, அத்தோட்டத்தில் பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். என் தொல்லையைக் கேட்டுச் சிரித்தார்.

"வாத்தியாரையா, அதை மேலே தேடாதீர்கள். மேலே ஏறி நின்று கீழே பாருங்கள்" என்றார்.

அடுத்த நாட்காலை, 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலைக்குச் செல்லும் பாதையில் அவரும் என்னுடன் வந்தார். ஒரு திருப்பத்தில் நின்றோம். தேயிலைச் செடிகள் இடுப்பளவே கவாத்துச் செய்யப்பட்டிருந்தமையால் பார்வைக்குத் தடையில்லை. எங்கள் காலடிக்குக் கீழே பள்ளத்தாக்கின் காடு பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடந்தது. வெயில் ஏறியதும் சரிவின் காற்று சூடாகி மேலெழும். கழுகு அக்காற்றின்மேல் ஏறி மிதக்கும். ஆகவே விடியற்காலையில் சென்று நடுங்குவதால் பயனில்லை. பிற்பகலிலோ மூடுபனி பள்ளத்தாக்கை மூடிவிடலாம். இடைப்பட்ட சில மணி நேரமே நமக்குரியது.

சுமார் பத்து மணிக்குக் காட்டிலிருந்த சிறு பறவைகள் திடீரெனக் கூச்சலிட்டன. பெரியவர் என் தோளைத் தொட்டார். எங்களுக்குக் கீழே, மர உச்சிகளை உரசுவதுபோல், கருங்கழுகு மிதந்து வந்தது. பின்னணி வானமன்று, பச்சைக் காடு. அதனால் கறுப்பினுள் ஒளிந்திருந்த பழுப்பும், வாலின் மங்கிய பட்டைகளும், மஞ்சள் கால்களும் கண்ணுக்குப் புலப்பட்டன. நான் ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். கைந்நடுக்கத்தால் அவற்றுள் பெரும்பாலானவை பாழாயின.

கழுகு ஒரு பெருமரத்துள் நுழைந்து மறைந்தது. அதன் அலகில் ஒரு குச்சியைக் கண்டதாகப் பெரியவர் கூறினார். கூடு கட்டுகின்றது போலும்! அம்மரத்தை நோக்கி ஒரு சிறு தடம் இறங்கிச் சென்றது. என் கால்கள் அதில் இரண்டடி வைத்ததை மறைக்க மாட்டேன்.

"கூட்டருகில் ஆள் நடமாட்டம் கண்டால் கட்டியதை விட்டுவிட்டுப் போய்விடும், ஐயா" என்றார் பெரியவர்.

அவர் கூறியது உண்மையே. கருங்கழுகு பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையே இடும். அக்கூடு கைவிடப்பட்டால் அவ்வாண்டின் குஞ்சு இல்லை. படம் தெளிவாக விழ வேண்டுமென்று கூட்டை மறைக்கும் கிளைகளை ஒடிப்பவர்களும் உளர். வெயிலும் மழையும் பிற விலங்குகளும் குஞ்சை எட்டாதவாறு காப்பவை அக்கிளைகளே. மேலும், ஓர் இணைக்குப் பரந்த காடு வேண்டும். எனவே ஒரு மலையில் சில இணைகளே வாழ இயலும். தேயிலைத் தோட்டத்தின் மேலாகக் கழுகு பறப்பதைக் கண்டு, அதற்குத் தோட்டமே போதும் என்று கருதிவிடாதீர்கள். தேயிலைச் செடியில் அது கூடு கட்டாது. பக்கத்தில் நிற்கும் காடே அதன் வீடு.

நான் திரும்பி ஏறினேன். பதினொன்றரை மணிக்கெல்லாம் மூடுபனி வந்து மரத்தையும் தடத்தையும் மறைத்துவிட்டது. பெரியவர் தம் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார்.

தேறிய படம் ஒன்றே. அதிலும் வால் நுனி சற்று வெட்டுண்டுள்ளது. அதன் ஒரு படியைப் பெரியவருக்கு அனுப்பினேன். மற்றொன்றை ஐந்தாம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் காணலாம்.