பொறுத்தார் பங்கு ஆள்வாரா?

பொறுத்தார் பூமி ஆள்வார் என்னும் முதுமொழியை நாம் பங்கு முதலீட்டுக்கும் பொருத்திப் பார்க்கிறோம். நீண்டகாலம் வைத்திருந்தால் இழப்பு நேராது என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. ஜப்பானின் அனுபவம் அதனை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது.

1989 டிசம்பர் இறுதியில் தோக்கியோவின் நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகளில் நிறைவுற்றது. 2009 மார்ச்சில் அது 7,054க்குச் சரிந்தது. பழைய உச்சத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். உச்சவிலையில் முதலீடு செய்த 40 வயதினர் ஒருவர் அப்போது 74ஐ எட்டியிருப்பார். இடையே ஈவுத்தொகை அவருக்கு ஓரளவு கைகொடுத்திருக்கும். சரிவிலும் சிறுகச் சிறுக வாங்கியவரோ முன்னரே மீண்டிருப்பார்.

ஆகவே பொறுமை மட்டும் போதாது. எவ்விலையில் வாங்குகிறோம், அப்பணம் நமக்கு எப்போது தேவைப்படும் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே காலத்தை நம்புதல் தகும்.