செராமிக் பிரேக்கா, ஸ்டீல் பிரேக்கா? ட்ராக்குக்குப் போற கார்ல எது இருக்கணும்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். சிங்கப்பூர்ல இருந்து ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு போர்ஷே 911 ஜிடி3 வாங்கப் பார்க்கிறார். ரெண்டு கார் அமைஞ்சிருக்கு. ஒண்ணுல மஞ்சள் கேலிப்பர், அதாவது செராமிக் பிரேக். இன்னொண்ணுல சிவப்பு கேலிப்பர், ஸ்டீல் பிரேக். செராமிக் கார் விலை கூட. மாசம் ஒரு தடவை மலேசியாவுல செபாங் சர்க்யூட்டுக்கு அந்தக் கார்லயே போய், நாள் பூரா ஓட்டிட்டு, அதே கார்ல வீட்டுக்கும் வரணும். "அண்ணா, காசு கூட ஆனாலும் பரவாயில்ல, பாதுகாப்புதான் முக்கியம். செராமிக்தானே நல்லா நிக்கும்?"னு கேட்கிறார்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஸ்டீல் பிரேக் கார எடுங்க தம்பி. ஏன்னு விளக்கத்தான் மீதி நேரம்.

முதல்ல பேரு. ஸ்டீல்னு எல்லாரும் சொல்றோம், ஆனா அந்த டிஸ்க் வார்ப்பிரும்பு. உங்க வீட்டு மாருதியில இருக்கிற அதே ரகம்தான், அளவும் வடிவமைப்பும்தான் வேற. செராமிக்னு சொல்றது கார்பன் இழையை சிலிக்கன் கார்பைடுக்குள்ள பதிச்சுச் செய்யற டிஸ்க். கார்பன் அச்சுக்குள்ள உருகின சிலிக்கனை ஊற விடுவாங்க. சிலிக்கன் உருகவே 1,400 டிகிரிக்கு மேல வேணும். ஒரு டிஸ்க் முழுசா தயாராக நாள் கணக்குல ஆகும், விலை அதனாலதான் அப்படி. ஃபார்முலா 1 கார்ல இருக்கிறது இது இல்ல, அது கார்பனுக்குள்ள கார்பன், வேற சமாச்சாரம். அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில "செராமிக் பேட்"னு ஒண்ணு தருவாங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது சாதாரண இரும்பு டிஸ்க்குக்குப் போடற பேட்.

சரி, செபாங்குக்கு வருவோம். ஒரு சுத்து 5.5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அங்க ரெண்டு நீளமான நேர் பாதை பக்கத்துப் பக்கத்துல ஓடும், நடுவுல கடைசி ஹேர்பின் வளைவு. ஒரு நேர் பாதை முடிவுல ஓங்கி பிரேக் அடிச்சு வளைஞ்சு, அடுத்த நேர் பாதையில முழு வேகம் போய், முதல் வளைவுல மறுபடி ஓங்கி அடிக்கணும். இடையில பிரேக் ஆறறதுக்குக் கிடைக்கிறது அந்த நேர் பாதையில வீசற காத்து மட்டும்தான்.

ஒரு சின்ன கணக்கு. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ கார். 240 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 80க்கு இறங்கறோம். கழிக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 3 மெகாஜூல். 30 டிகிரியில இருக்கிற பத்து லிட்டர் தண்ணியை நாலஞ்சு செகண்டுல கொதிக்க வைக்கிற அளவு. அதுல கொஞ்சம் எதிர்காத்து எடுத்துக்கும், மிச்சம் அத்தனையும் நாலு டிஸ்க்குல சூடா இறங்குது. ஒரு சுத்துல இப்படி ரெண்டு பெரிய அடி, சின்னது பல. இருபது நிமிஷ செஷன்ல எத்தனை தடவைன்னு நீங்களே பார்த்துக்கங்க.

இப்ப அவர் கேட்ட கேள்வி. செராமிக் நல்லா நிக்குமா? முதல் தடவை பிரேக் அடிக்கும்போது ரெண்டும் ஒண்ணுதான். ஏன்னா காரை நிறுத்தறது கடைசியில டயர்தான். ஸ்டீல் பிரேக்கே ஏபிஎஸ் வேலை செய்யற அளவுக்கு சக்கரத்தைப் பிடிச்சிடும். அதுக்கு மேல பிடிச்சு என்ன பிரயோஜனம்? ரோடுக்கும் ரப்பருக்கும் இடையில அவ்வளவுதான் பிடிப்பு. வித்தியாசம் வரதுன்னா பத்தாவது அடியில, இருபதாவது அடியில வரணும். அதாவது சூடு ஏறினதுக்கு அப்புறம். அங்கேயும் முதல்ல கைவிடறது பெரும்பாலும் டிஸ்க் இல்ல. பேட், இல்லன்னா பிரேக் ஆயில்.

இதை நான் புத்தகத்துல படிச்சுக் கத்துக்கல. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குல, பல வருஷம் முன்னாடி, என்னோட சின்ன ஹேட்ச்பேக். அஞ்சாறு சுத்து நல்லா போச்சு. அப்புறம் ஒரு நேர் பாதை முடிவுல பெடலை மிதிச்சேன், கால் பாட்டுக்கு தரை வரைக்கும் போச்சு. எதிர்ப்பே இல்ல, ஈரப் பஞ்சை மிதிச்ச மாதிரி. படபடன்னு பம்ப் பண்ணி, கியரைக் குறைச்சு, ட்ராக்கை விட்டு வெளிய புல்லுல போய்த்தான் நின்னேன். எனக்கும் ஒண்ணும் ஆகல, காருக்கும் ஒண்ணும் ஆகல. கை நடுங்கறது நிக்க அரை மணி நேரம் ஆச்சு. காரணம் நான்தான். பிரேக் ஆயில் மாத்தி மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறின நிலைமையில அதே தரத்துக்கு வரம்பு 155 டிகிரிதான். கொதிச்சா குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதான் பெடல் தரைக்குப் போகுது. பேட் சூடு தாங்காம போனா கதை வேற. பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், ஆனா கார் நிக்காது. இந்த ரெண்டையும் கால்லயே அடையாளம் தெரிஞ்சுக்கணும். முதல்ல சொன்னது வந்தா ஆயில், ரெண்டாவது வந்தா பேட். சிங்கப்பூர் ஈரக்காத்துல இருக்கிற நம்ம நேயருக்கு நான் சொல்றது: 300 டிகிரிக்கு மேல கொதிநிலை உள்ள ரேஸிங் ஆயில் போடுங்க, சீசன்ல ரெண்டு மூணு தடவை மாத்துங்க. மஞ்சள் கேலிப்பர் வாங்கினாலும் இந்த வேலை மிச்சமாகாது.

செராமிக்குக்கு ஒரு நல்ல வார்த்தையும் சொல்லணும். அதே அளவு இரும்பு டிஸ்க்கைவிட எடை பாதிதான்னு போர்ஷேயே சொல்றாங்க. சக்கரத்தோட சேர்ந்து சுத்தற எடை குறையறதால ஸ்டீயரிங் துடிப்பா இருக்கும், மேடுபள்ளத்துல சக்கரம் ரோட்டை விடாது. கறுப்புத் தூசி கிட்டத்தட்ட இல்ல. துருப் பிடிக்காது. ரோட்டுல மட்டும் ஓட்டினா ரொம்ப வருஷம் வரும். ஃபெராரி பல வருஷமா எல்லா மாடல்லயும் இதைத்தான் கொடுக்கிறாங்க. நம்ம நேயர் ட்ராக் பக்கமே போகாதவரா இருந்தா, மஞ்சள் கேலிப்பர் காரையே எடுங்கன்னு சொல்லியிருப்பேன்.

ட்ராக்குல சிக்கல் எங்க வருதுன்னா, எடை குறைவா இருக்கிற டிஸ்க் அதே சூட்டை வாங்கும்போது இன்னும் அதிக வெப்பநிலைக்குப் போகும். அதனாலதான் ஜிடி3ல செராமிக் டிஸ்க்கைப் பெருசா வைக்கிறாங்க. 991 மாடல்ல ஸ்டீல் 380 மில்லிமீட்டர், செராமிக் முன்னாடி 410, பின்னாடி 390. டிஸ்க்குக்குள்ள இருக்கிறது கார்பன் இழை. அந்தச் சூட்டுல காத்து பட்டா கார்பன் எரியும், கரி எரியற மாதிரிதான், மெதுவா. டிஸ்க் மெலிஞ்ச மாதிரியே தெரியாது, ஆனா உள்ளுக்குள்ள இழை போயிட்டே இருக்கும். அதனால இதோட ஆயுளைத் தடிமனை வச்சு மட்டும் சொல்ல முடியாது, எடை போட்டுப் பார்க்கணும். குறைஞ்சபட்ச எடை எவ்வளவுன்னு டிஸ்க்கோட நடுப்பகுதியில பொறிச்சிருப்பாங்க. அதுக்குக் கீழ போனா தூக்கிப் போட வேண்டியதுதான். புது ஜிடி3ல இந்த ஆப்ஷனுக்கு மட்டும் அமெரிக்காவுல 9,000 டாலருக்கு மேல. தேஞ்சுபோய் நாலு டிஸ்க்கையும் தனியா வாங்கினா அதையும் தாண்டும்.

தேயறது ஒரு பக்கம். உடையறது இன்னொரு பக்கம். கிராவல்ல இறங்கி ஒரு கல்லு டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவுல மாட்டினா ஓரம் பெயர்ந்துடும். டயர் மாத்தும்போது சக்கரம் கை நழுவி டிஸ்க்குல இடிச்சாலும் அதே கதை. ட்ராக் டேல டயரைக் கழட்டி மாட்டறது நீங்களா, பக்கத்து பிட்டுல இருந்து உதவிக்கு வந்த நண்பரான்னு யோசிச்சுக்கங்க!

இரும்பு டிஸ்க் அப்படி இல்ல. துளைகளைச் சுத்தி மயிரிழை மாதிரி விரிசல் வரும், அது சகஜம். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினா, ஒரு துளையில இருந்து அடுத்த துளைக்கு விரிசல் சேர்ந்தா, இல்ல ஓரத்தைத் தொட்டுட்டா, மாத்திடுங்க. மனசு வலிக்காம மாத்தற விலைதான். பேட்லயும் விதவிதமா கிடைக்கும். ஒண்ணு சொல்றேன், போர்ஷேயோட சொந்த ரேஸ் கார் 911 ஜிடி3 கப் ஓடறது இரும்பு டிஸ்க்லதான். நாள் பூரா ரேஸ் ஓட்டறவங்க அதைக் குறைன்னு நினைக்கல.

ஒருவேளை சிவப்பு கேலிப்பர் கார்ல வேற ஏதாவது கோளாறு இருந்து, மஞ்சள் கேலிப்பர் கார்தான் நல்லா இருந்ததுன்னா? வாங்கலாம். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி நாலு டிஸ்க்கையும் கழட்டி எடை போடச் சொல்லுங்க, ஓரங்களை விரலால தடவிப் பாருங்க. மறுத்தாங்கன்னா விலையில அந்த டிஸ்க்குக்கு ஒரு மதிப்பும் போடாதீங்க. வாங்கின பிறகு செராமிக்கைக் கழட்டி, பேக் பண்ணி வீட்டுல வச்சிட்டு, அதே 410 அளவுல வர்ற இரும்பு டிஸ்க் மாட்டி ட்ராக்குக்குப் போறவங்க நிறைய பேர் இருக்காங்க. காரை விக்கும்போது திரும்ப மாட்டிக்கலாம். பேட் மட்டும் மறக்காம மாத்தணும், ஒண்ணுக்கானது இன்னொண்ணுக்கு ஆகாது.

மிச்சமாகற காசை நான் எங்க போடுவேன்? நல்ல ட்ராக் பேட், ரேஸிங் ஆயில், இன்னொரு செட் டயர். அதுக்கு மேல மிஞ்சினா பக்கத்துல ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டர். பிரேக்கை நீளமா, மெதுவா தேய்ச்சுக்கிட்டே வர்றவங்கதான் அதிகமா சூடாக்கறாங்க. சுருக்கமா, அழுத்தமா அடிச்சு விடறதைப் பழகினா எந்த டிஸ்க்கா இருந்தாலும் ஆறறதுக்கு நேரம் கிடைக்கும்.

இன்னொரு விஷயம் தம்பி. செஷன் முடிஞ்சதும் கடைசி சுத்தை பிரேக்கே தொடாத மாதிரி மெதுவா ஓட்டி ஆற விடுங்க. பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைங்க. கார் எடுத்ததும் எந்தக் கலர் கேலிப்பர்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க.